டிரவுட் மீனைத் தேடிய டாக்டர்

கல்வராயன் மலையில் நல்ல மழை பெய்தால் கோமுகி ஆற்றில் வெள்ளம் வரும். அந்த வெள்ளத்தை வடக்கனந்தல் அருகே ஓர் அணை தடுத்து நிறுத்துகிறது. 1965-ல் கட்டிய அணை அது. உயரம் 46 அடி. அதில் தேங்கும் தண்ணீர் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது.

தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் தூண்டிலும் இருக்கும். கெண்டை, கெளுத்தி, விரால் என்று நம் ஆறு குளங்களில் எத்தனையோ மீன்கள்!

ஆனால் ஒரு மீன் மட்டும் இந்தப் பக்கத்து ஆறுகளில் கிடைக்காது. அதன் பெயர் டிரவுட்.

டிரவுட் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு உயிர். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து புறப்படுவார்கள். படகில் ஏறியோ, ஆற்றங்கரையோடு நடந்தோ, தூண்டிலை வீசி நாள் முழுவதும் காத்திருப்பார்கள். மீன் மாட்டினால் கொண்டாட்டம். மாட்டாவிட்டாலும் கொண்டாட்டந்தான்!

அந்த மீனைத் தமிழ்நாட்டு மலையில் வளர்க்க ஒரு டாக்டர் பாடுபட்டார். அதில் அவர் தோற்றுப் போனார். ஆனால் அந்தத் தோல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. நம் நாட்டு மீன்களை எல்லாம் உலகம் அறியும்படி செய்தார். நம் ஆறுகளில் மீன் ஏன் குறைகிறது என்பதையும் முதன் முதலாக ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்தார்.

அவர்தான் டாக்டர் பிரான்சிஸ் டே.

அவர் வேறு, இவர் வேறு

பிரான்சிஸ் டே என்றதும் சிலருக்குச் சென்னை ஞாபகம் வரும். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னையில் இடம் பெற்றவர் பெயரும் பிரான்சிஸ் டேதான். அவர் வேறு, இவர் வேறு. இருவருக்கும் இடையே ஏறக்குறைய 200 ஆண்டுகள்.

நம் டாக்டர் 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேர்ஸ்பீல்டு அவருடைய ஊர். குடும்பம் வசதியானது. நிலபுலன்கள் நிறைய இருந்தன. ஆனாலும் அவர் வைத்தியம் படித்தார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார்.

1852-ல் கம்பெனியின் சென்னைப் படையில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. வந்த உடனேயே பர்மா யுத்தம். காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுப்பதுமாக நாட்கள் ஓடின.

1857-ல் எம்மா என்ற பெண்ணை மணந்தார். பிறகு கொச்சிக்கு மாற்றப்பட்டார்.

கொச்சியில் பிறந்த ஆசை

கொச்சியில் எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் காயல். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமா? படகில்தான் போக வேண்டும். விடியற்காலையில் வலைகள் கரைக்கு வரும். அவற்றில் விதவிதமான மீன்கள்.

டாக்டருக்கு மீன்மீது ஆசை பிறந்தது. சாப்பிடும் ஆசை அல்ல. தெரிந்துகொள்ளும் ஆசை! ஒவ்வொரு மீனையும் எடுத்துப் பார்த்தார். துடுப்பில் எத்தனை முள், உடலில் எத்தனை வரிசைச் செதில் என்று எண்ணினார். எழுதி வைத்தார். மீன் கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டு வைத்தார்.

1863-ல் கொச்சி நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு நூல் வெளியிட்டார்.

இன்று கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் மீன்களில் ஒன்றை 'மிஸ் கேரளா' என்கிறார்கள். வெள்ளி உடல். அதில் ஒரு கருங்கோடு. அதன் மேலே ஒரு செங்கோடு. முண்டக்கயத்து ஆற்று நீரில் வாழ்ந்த அந்த மீனை 1865-ல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் டாக்டர் டேதான். அப்போது சென்னை கவர்னராக இருந்த டெனிசன் பெயரை அதற்குச் சூட்டினார்.

நீலகிரியில் ஒரு முயற்சி

அந்தக் காலத்தில் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் குடியேறி இருந்தார்கள். குளிர் இருந்தது. புல்வெளி இருந்தது. தெளிந்த ஓடைகள் இருந்தன. ஊட்டி ஏரியில் படகும் விட்டார்கள். ஒரே ஒரு குறைதான். ஓடையில் டிரவுட் இல்லை!

டிரவுட் சாதாரண மீன் அல்ல. அது குளிர்ந்த நீரில்தான் வாழும். 20 டிகிரி செல்சியசுக்கு மேல் தண்ணீர் சூடானால் அதற்குத் துன்பம். மேலும் சூடானால் மரணம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் கூழாங்கல் இருக்க வேண்டும். அந்தக் கற்களுக்கு இடையேதான் அது முட்டை இடும்.

கல்வராயன் மலையிலும் ஓடைகள் உண்டு, அருவிகள் உண்டு. ஆனால் டிரவுட்டுக்கு வேண்டிய குளிர் அங்கே ஆண்டு முழுவதும் கிடையாது. நீலகிரியின் உயரமான ஓடைகளில் அந்தக் குளிர் இருந்தது.

1863-ல் டாக்டர் டே முயற்சியைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டு வந்து நீலகிரி ஓடையில் விட வேண்டும். இதுதான் திட்டம்.

கேட்பதற்கு எளிது. செய்வதோ கடினம். அப்போது சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. அது திறந்தது 1869-ல். அதற்கு முன் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் எகிப்தில் இறங்கி, தரை வழியாகச் சென்று, செங்கடலில் வேறு கப்பல் ஏற வேண்டும். செங்கடலின் வெப்பம் மனிதனையே வாட்டும். மீன் முட்டை எப்படித் தாங்கும்? அதையும் தாண்டிச் சென்னை மாகாணத்து வெயிலில் சமவெளியைக் கடந்து மலை ஏற வேண்டும்.

முயற்சி பலிக்கவில்லை.

அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அருகிலுள்ள டாஸ்மேனியாத் தீவில் இந்தக் காரியம் நடந்துவிட்டது! 1864-ல் 'நார்போக்' என்ற கப்பல் மீன் முட்டைகளைச் சுமந்து சென்றது. முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்திருந்தார்கள். அங்கே டிரவுட் பொரித்தது. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போயிற்று.

டாக்டர் டே மனம் தளரவில்லை. மறுபடியும் முயன்றார். மற்றவர்களும் முயன்றார்கள். வேறு சில சீமை மீன்கள் நீலகிரி நீரில் பிழைத்தன. டிரவுட் பிழைக்கவில்லை.

அணை கட்டியவரின் கேள்வி

இந்த நேரத்தில் ஒரு புதிய கேள்வி கிளம்பியது. கேட்டவர் ஆர்தர் காட்டன். 1836-ல் கொள்ளிடத்தில் அணைக்கட்டு கட்டித் தஞ்சைச் சீமையைச் செழிக்க வைத்த அதே காட்டன்தான்!

அணைக்கட்டுகளால் பயிர் விளைகிறது. சரி. ஆனால் மீன் என்ன ஆகிறது? 1867-ல் அரசாங்கத்திடம் அவர் இதை எழுப்பினார்.

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. அதை ஹில்சா என்றும் சொல்வார்கள். அது கடலில் வாழும். முட்டை இட மட்டும் ஆற்றில் ஏறி வரும். ஆற்றின் குறுக்கே சுவர் வைத்தால் அது எப்படி ஏறும்? சுவரின் அடியில் வந்து மோதும். திரும்பவும் மோதும். வலையோடு காத்திருப்பவர்களுக்கு அன்று நல்ல வேட்டை. ஆனால் முட்டையோடு பிடிபட்ட மீனுக்கு வாரிசு ஏது?

இதை ஆராயும் பொறுப்பு டாக்டர் டேயிடம் வந்தது. அணைக்கட்டுகளைப் போய்ப் பார்த்தார். மீன் ஏறிப் போக வழி விட வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். 1871-ல் இந்தியா முழுவதற்கும் மீன் துறையின் தலைமை அதிகாரி ஆனார்.

வெளியே பெரிய பதவி. வீட்டிலோ துயரம். 1869-ல் மனைவி எம்மா இறந்து போனார். 1872-ல் எமிலி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே, 1873-ல், அவரும் காலமானார். நாலே ஆண்டுகளில் இரண்டு சாவு.

வேலையை மட்டும் அவர் விடவில்லை.

தாசில்தார்களுக்குப் போன கேள்விகள்

ஊர் ஊராகச் சுற்றினார். பர்மாவுக்கும் போனார். போக முடியாத இடங்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். தாசில்தார்களும் மற்ற அதிகாரிகளும் பதில் எழுதினார்கள். வலையின் கண் எவ்வளவு சிறியது? மீன் குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? மீன் முன்பை விடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

பதில்கள் குவிந்தன. 1873-ல் அவற்றைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார்.

அதில் கண்ட உண்மை இதுதான். மழைக்காலத்தில் மீன்கள் முட்டை இட வாய்க்காலிலும் வயலிலும் ஏறுகின்றன. குஞ்சு பொரிக்கிறது. தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில் மடைக்கு மடை மூங்கில் கூடு! தப்பியது நுண்ணிய வலையில் விழுகிறது. போதாக்குறைக்குக் குட்டையில் நஞ்சைக் கலந்து, பெரிய மீன், சிறிய மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார் டாக்டர் டே.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. வயலில் கிடைக்கும் சிறு மீன்தானே ஏழையின் குழம்பு? அதைத் தடுத்தால் ஏழை எங்கே போவான்? சட்டம் போட்டால் அதைச் சொல்லிச் சிப்பாய்கள் மீனவர்களை மிரட்ட மாட்டார்களா? இப்படி அதிகாரிகள் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் டாக்டர் டே சொன்னதிலும் நியாயம் இருந்தது. குஞ்சை எல்லாம் இன்று அள்ளிவிட்டால், அதே ஏழைக்கு அடுத்த ஆண்டு குழம்பு ஏது?

விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

சிட்னிக்குப் போன மீன்கள்

தாய்நாடு திரும்பிய டாக்டர், செல்ட்டன்ஹாம் நகரில் குடியேறினார். 1875 முதல் 1878 வரை அவருடைய பெரிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. 'இந்தியாவின் மீன்கள்' என்பது அதன் பொருள். அதில் ஏராளமான மீன் வகைகள். ஏறக்குறைய 200 படப் பக்கங்கள். விஞ்ஞானப் பெயரோடு, மீனவர்கள் வழங்கும் பெயர்களையும் அதில் சேர்த்தார். தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. நம் பாட்டன் பூட்டன் வாயில் வழங்கிய பெயர்கள் சீமை நூலில் ஏறின!

1883-ல் லண்டனில் பெரிய மீன் கண்காட்சி நடந்தது. அங்கே அவருடைய மீன்களும் இருந்தன. லண்டன் மியூசியத்தில் மீன் பகுதியைக் கவனித்து வந்த குந்தர் என்ற அறிஞருக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஆகவே அவருடைய மீன்களில் ஒரு பெரும் பகுதி ஆஸ்திரேலியாவுக்கு விலைக்குப் போயிற்று. நம் ஆறுகளில் பிடித்த மீன்கள் சிட்னி மியூசியத்தில் பத்திரமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியில் அவர் மனம் இளகியது. மிச்சம் இருந்தவற்றை லண்டன் மியூசியத்துக்கே கொடுத்தார்.

1889-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

இறந்த பிறகு வந்த வெற்றி

அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்து மீனைக் கொல்வதும், தண்ணீரில் நஞ்சு கலப்பதும் அதன்படி குற்றம். வலைக்கும் கூட்டுக்கும் விதி வகுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கிடைத்தது.

டிரவுட்டும் வந்தது! வில்சன் என்ற மீன் நிபுணர் 1906 முதல் மறுபடியும் முயன்றார். இந்த முறை வானவில் டிரவுட் என்ற இனம். அது சற்று அதிக வெப்பத்தைத் தாங்கும். 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. டிரவுட் பிழைத்தது. மலை ஓடைகளில் பெருகியது. தூண்டிலோடு நண்பர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் டாக்டர் டே இல்லை. முதல் முயற்சி செய்தவர் அந்த மகிழ்ச்சியைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் வாழ்க்கையில் பெரியது டிரவுட் அல்ல. சீமை மீன் ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர், நம் வாசலில் துள்ளிய மீனின் அருமையைக் கண்டார். அதை நமக்கும் எடுத்துச் சொன்னார். அதுதான் பெரியது.

உல்லம் மீனைப் பற்றி அவர் அஞ்சியது நடந்தேவிட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்த பிறகு காவிரியில் உல்லம் ஏறுவது மிகவும் குறைந்து போயிற்று. அணை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அணை சோறு போடுகிறது. ஆனால் மீனுக்கும் ஒரு வழி வேண்டும் அல்லவா?

கோமுகி நீர் பாயும் வாய்க்கால்களிலும் மழைக்காலத்தில் கெண்டை ஏறும். சினை மீனின் வயிறு உப்பியிருக்கும். அதைப் பிடித்தால் ஒரு வேளைக் குழம்பு. விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு ஊருக்கே குழம்பு.

பொடி மீன் வலையில் விழுந்தால், பிள்ளைகளே, அதை மெல்ல எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். அது வளர்ந்து மறுபடியும் வரும்.