கணினி முன்னோடி நரசிம்மன்

சென்னையில் 1926ஆம் ஆண்டு பிறந்த நரசிம்மன், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், 1954இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இணைந்தார்.

அயல்நாட்டுக் கணினியை வாங்குவதா, நாமே உருவாக்குவதா என்னும் வினா எழுந்த காலம் அது. நிறுவனம் உருவாக்கவே துணிந்தது. கணினியை வடிவமைத்த பட்டறிவில்லாத இளம்பொறியாளர் குழுவை நரசிம்மன் வழிநடத்தினார். முதலில் சிறிய மாதிரிப்பொறியை அமைத்துப் பயின்றனர். 1960இல் முழுக் கணினியை இயக்கினர்.

அதன் நினைவகம் நுண்ணிய ஃபெரைட் வளையங்களால் ஆனது. ஒவ்வொரு வளையமும் தன் காந்தத் திசையால் 0 அல்லது 1ஐத் தாங்கும். படித்தவுடன் அச்செய்தி அழிந்துவிடும். ஆதலால் அதை உடனே மீண்டும் எழுதும் மின்சுற்றும் வேண்டும். 40 இருமங்கள் கொண்ட 2,048 சொற்களை அந்நினைவகம் தாங்கியது. 1962இல் நேரு அக்கணினிக்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார்.

வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கணினி, டிரான்சிஸ்டர் வரவால் விரைவில் பழையதாயிற்று. எனினும் அதை உருவாக்கிக் கற்ற அறிவு பழையதாகவில்லை. இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கிய நரசிம்மன், 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2007இல் மறைந்தார்.