டி.வி.எஸ். அய்யங்காரும் நம்ம பக்கத்து பிரேக்கும்

எங்கள் அம்மையார்குப்பம் தறிக்கார ஊர். பக்கத்து சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி வந்த பிறகு, தறியை விட்டு இரும்பு பக்கம் போன வீடுகளும் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனியின் வேர் மதுரையில் இருக்கிறது என்பது நம் ஜூனியர் தம்பிகள் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த மலருக்கு டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி எழுத நினைத்தேன்.

1877-இல் திருநெல்வேலிச் சீமை திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், பாங்க் வேலை என்று மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றையும் விட்டார். அந்தக் காலத்தில் கைநிறையச் சம்பளத்தை உதறிவிட்டு பஸ் விடப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும்! 1911-இல் மதுரையில் தொழிலை ஆரம்பித்தார்.

பஸ் ஓட்டுவதை விட, பஸ்ஸை நிற்காமல் ஓட வைப்பதுதான் பெரும்பாடு. மாட்டு லாடத்திலிருந்து விழும் ஆணிகள் டயரைக் குத்திக் கிழிக்கும். ரோட்டில் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியையே அவர் முன்னால் ஓட விட்டதாகச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்டை அவர் கம்பெனியே தயாரித்தது. எனக்கு இதுதான் அவருடைய வாழ்க்கையிலேயே பிடித்த கட்டம். இல்லை என்று உட்காராமல், இருப்பதை வைத்து ஓட்டுவது. இஞ்சினியருக்கு வேறென்ன வேலை?

வீட்டிலும் அவருக்குச் சோதனை வந்தது. மகள் சௌந்தரம் இளவயதிலேயே கணவரை இழந்தார். மூலையில் உட்கார வைக்கும் வழக்கம் கெட்டியாக இருந்த அந்நாளில், மகளை டெல்லிக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். அவர் 1936-இல் டாக்டரானார், 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். 1947-இல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

அய்யங்கார் 1955 ஏப்ரல் 28-இல் காலமானார். அதனால் பிரேக் தொழிற்சாலையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1962-இல் தான் பாடியில் இங்கிலாந்தின் கிர்லிங்குடன் பிரேக்ஸ் இந்தியாவும், கிளேட்டன் டிவாண்டருடன் சுந்தரம் கிளேட்டனும் வந்தன. லைனிங் செய்ய 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ்.

லைனிங் என்பது பார்க்க அற்பப் பொருள். ஆனால் லோடு லாரி மலையிறங்கும்போது டிரம் சூடேறி, லைனிங்கைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் வாயுவாகக் கிளம்பினால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறைந்துவிடும். முன்பு அந்தச் சூட்டைத் தாங்க ஆஸ்பெஸ்டாஸைப் போட்டார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்த பின், மாற்று நார்களைத் தேட வேண்டியதாயிற்று.

தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கும், 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸுக்கும் கிடைத்தது. 2003-இல் கிடைத்தது பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரிக்கு. ஆமாம், நம்ம சோளிங்கர்தான்.