லுட்விக் எர்ஹார்ட்: ஜவுளிக் கடைக்காரர் மகன்

மந்திரிகளாக இருந்தவர்களின் சரித்திரத்தைப் புரட்டினால் வக்கீல்களும் நிலச்சுவான்தார்களும் பட்டாளத்துத் தளபதிகளும் நிறையத் தென்படுவார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அபூர்வம். அந்த அபூர்வமானவர்களில் ஒருவர் மேற்கு ஜெர்மனியின் பொருளாதார மந்திரியாக இருந்த டாக்டர் லுட்விக் எர்ஹார்ட். வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

பவேரியா மாகாணத்திலுள்ள ஃபூர்த் என்னும் ஊரில் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி பிறந்தார். தகப்பனாருக்கு அங்கே ஜவுளிக் கடை. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு வலது கால் ஊனமாயிற்று. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நியூரம்பெர்க்கில் ஜவுளித் தொழில் பழகினார். தகப்பனாருக்குப் பின் கடையைப் பார்த்துக்கொள்வது என்பதே ஏற்பாடு. ஆனால் முதல் உலக யுத்தம் குறுக்கிட்டது. 1918 செப்டம்பரில் பெல்ஜியப் போர்முனையில் குண்டடிபட்டு, ஏழு தடவை ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தது. கடையில் நாள் முழுதும் நிற்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் 1919இல் வியாபாரக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு பிராங்பர்ட் சர்வகலாசாலையில் படித்து 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜெர்மனியின் பணம் செத்தது. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க். காலையில் விற்ற முதலைக் கொண்டு மாலையில் அதே சரக்கைக் கொள்முதல் செய்ய முடியாது. அவர் குடும்பத்துக் கடையும் 1920களின் இறுதியில் நொடித்துப் போயிற்று. பணத்தின் மேல் நம்பிக்கை போனால் கடைக்காரன் கதி என்ன என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

ஹிட்லர் ஆட்சியில் அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. நியூரம்பெர்க் ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்துவந்த உத்தியோகம் 1942இல் போயிற்று. 1944இல், யுத்தத்தில் ஜெர்மனி தோற்றுவிடும் என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு கடனையும் பணத்தையும் எப்படிச் சீர்படுத்துவது என்று ஓர் அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுதியது தெரிந்தால் தலை போய்விடும்.

1945இல் யுத்தம் முடிந்தது. பட்டணங்கள் இடிந்து கிடந்தன. ரேஷன் கூப்பன் இருந்தது. கூப்பனுக்குச் சாமான் இல்லை. விலைகள் சர்க்கார் உத்தரவுப்படி பழைய விலையிலேயே நின்றன. நோட்டுகளோ யுத்தச் செலவுக்காக அளவில்லாமல் அச்சடிக்கப்பட்டிருந்தன. பட்டணத்து ஜனங்கள் கம்பளத்தையும் வெள்ளிப் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் போய் உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க சிகரெட்டே பணமாகப் புழங்கியது. கடைக்காரர்களும் சரக்கைக் கிட்டங்கியில் பதுக்கி வைத்தார்கள். விற்றால் கிடைப்பது வெறும் காகிதம்தானே! 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் வாழைமரம் போட்ட நோட்டு ஒரே நாளில் செல்லாமற்போன கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள் நாம். அந்தக் கடைக்காரர்களின் மனநிலை நமக்குப் புரியாததல்ல.

1948 மார்ச்சில், அமெரிக்க, பிரிட்டிஷ் வசமிருந்த பகுதிகளின் பொருளாதார நிர்வாகத்துக்கு எர்ஹார்ட் தலைவரானார். அவ்வாண்டு ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, புதிய நாணயமான டாயிச் மார்க் வந்தது. அமெரிக்காவில் அச்சடித்து இரகசியமாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட நோட்டுகள் அவை. ஆளுக்கு முதலில் 40 மார்க், பின்னர் 20 மார்க் வழங்கப்பட்டது. நாணயத்தை மாற்றும் திட்டம் அமெரிக்கர்களுடையது. ஆனால் அதே சமயத்தில் பெரும்பாலான சாமான்களின் விலைக் கட்டுப்பாட்டையும் நீக்கியது எர்ஹார்ட் எடுத்த முடிவு. நேச நாட்டு அதிகாரிகளின் அனுமதி வருவதற்கு முன்பே வானொலியில் அறிவிக்கச் செய்துவிட்டார். முக்கிய உணவுப் பண்டங்கள், நிலக்கரி, வீட்டு வாடகை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு நீடித்தது. அமெரிக்கத் தளபதி கிளே, தம் ஆலோசகர்கள் ஆட்சேபித்தும் அவரைத் தடுக்கவில்லை.

மறுநாள் கடை ஜன்னல்களைப் பார்த்த ஜனங்கள் திகைத்துப் போனார்கள். சட்டி, பானை, செருப்பு, துணி, சைக்கிள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஒரே இரவில் எந்தத் தொழிற்சாலையும் அவற்றைச் செய்துவிடவில்லை. அவ்வளவும் பதுங்கியிருந்த சரக்கு.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் நேர்மையாகாது. வங்கியில் 100 பழைய மார்க் சேமித்து வைத்திருந்தவனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஆறரை மார்க். விதவைகளும் முதியவர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். சரக்கும் வீடும் ஆலையும் வைத்திருந்தவர்களுக்கோ அவை அப்படியே நின்றன. விலைவாசி ஏறியது; கூலியோ நவம்பர் ஆரம்பம் வரை கட்டுப்பாட்டில் இருந்தது. 1948 நவம்பர் 12ஆம் தேதி 90 இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதுக்கியவன் பணக்காரனானான், சேமித்தவன் ஏழையானான் என்ற அவர்களுடைய குறையைத் தவறென்று யார் சொல்ல முடியும்? 1952இல் வந்த சட்டம், சொத்துத் தப்பியவர்களிடம் அதில் பாதி மதிப்பை 30 வருடத் தவணையில் வசூலித்து, இழந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தது. அதனால் காயம் ஓரளவு ஆறியது.

எர்ஹார்ட் பின்வாங்கவில்லை. 1949 முதல் 1963 வரை பொருளாதார மந்திரியாக இருந்தார். மார்ஷல் திட்டத்தில் வந்த சுமார் 140 கோடி டாலரும் உதவியது. 1950இல் உணவு ரேஷன் முடிந்தது. யுத்தத்தில் வென்ற பிரிட்டனில் 1954 வரை ரேஷன் இருந்தது. 1955இல் பத்து இலட்சமாவது வோக்ஸ்வாகன் வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது. வேலையின்றித் தவித்த நாட்டில் ஆள் பற்றாமல், 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள்.

பெரிய முதலாளிகள் கூடிப் பேசி விலை வைப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். பல வருடப் போராட்டத்துக்குப் பின் 1957இல் அதற்குத் தடைச் சட்டம் நிறைவேறியது. விலைக்குச் சுதந்திரம் வேண்டும், அந்தச் சுதந்திரத்தை நாலு பேர் மட்டும் அனுபவிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சிறு வியாபாரிகளுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

வாழ்க்கை வசதி பெருகப் பெருக ஜனங்களின் ஆசையும் பெருகிற்று. 1962இல் வானொலியில் பேசி, அளவோடு இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாயில் சுருட்டும் பருத்த உடலுமாக இருந்த மனிதர் அளவைப் பற்றிச் சொன்னபோது நாடே சிரித்தது. 1963 அக்டோபரில் நாட்டின் தலைமைப் பதவியான சான்சலர் பதவி கிடைத்தது. 1966இல் வியாபாரம் சற்று மந்தமாகி, பட்ஜெட்டில் பணம் போதாமல், கூட்டணிக் கட்சி மந்திரிகள் விலகினார்கள். அவரும் டிசம்பரில் பதவி விலகினார். 1977 மே 5ஆம் தேதி பான் நகரில் காலமானார்.

அலமாரியை நிரப்பிக் காட்டியவரால் அளவைக் கற்பிக்க முடியவில்லை. அது மந்திரிகளால் ஆகக்கூடிய காரியமல்ல போலும். ஆனால் வாங்குகிறவன் கையிலுள்ள காசு நாணயமாக இருந்தால்தான் விற்கிறவன் கடையும் நிற்கும் என்பதை அவர் நிலைநாட்டிவிட்டுப் போனார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம் அதையும், அந்த ஆறரை மார்க்கோடு வீடு திரும்பியவர்களையும் சேர்த்தே நினைவில் வைப்பது நல்லது.