சேர் சாமுவேல் பேக்கரின் துப்பாக்கி

பன்விலவிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் சரிவுகளில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலையே தெரிகிறது. இங்கு வாழும் மக்களுக்கு யானை என்றால் கண்டிப் பெரஹராவில் அணிவகுத்துச் செல்லும் யானைதான். ஆனால் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னர் மத்திய மலைநாட்டுக் காடுகளில் யானைகள் கூட்டம் கூட்டமாக உலாவின. 1840களில் கோப்பிச் செய்கைக்காக அக்காடுகள் அழிக்கப்பட்டபோது மரங்களோடு யானைகளும் வீழ்ந்தன. அவற்றை வீழ்த்தியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் சேர் சாமுவேல் வைட் பேக்கர்.

1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் செல்வந்த வணிகக் குடும்பமொன்றில் பிறந்த பேக்கர், மொரீசியஸில் குடும்பத் தோட்டத்தைச் சில காலம் கவனித்த பின்னர், 1840களின் நடுப்பகுதியில் வேட்டைக்கென்றே இலங்கைக்கு வந்தார். நுவரெலியாவின் குளிர்ந்த காலநிலை அவரை ஈர்த்தது. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேற்றவாசிகள், கால்நடைகள், வேட்டை நாய்கள் ஆகியவற்றுடன் அங்கு பண்ணையொன்றை நிறுவினார். 1855இல் நோயினால் நலிவுற்று நாடு திரும்பும் வரை விவசாயத்துக்குச் சமமாகவே வேட்டையிலும் காலத்தைச் செலவிட்டார். இலங்கை வேட்டை பற்றி இரு நூல்களை எழுதினார். ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேட்டைக்காரர் பலர் இருந்த அக்காலத்தில் பேக்கரைத் தனித்துக் காட்டியது, துப்பாக்கி பற்றிய அவரது ஆராய்ச்சியாகும். அன்று துப்பாக்கியின் அளவு, ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்பதைக் கொண்டு கணிக்கப்பட்டது. பன்னிரண்டு குண்டுகள் வார்க்கப்படுமாயின் அது பன்னிரண்டாம் இலக்கத் துப்பாக்கி. நான்கு மட்டுமே என்றால் நான்காம் இலக்கம். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும். இலங்கையில் இருந்த ஆங்கிலேயருள் பலர், உட்புறத்தில் வரிப்பள்ளம் இல்லாத இலகுவான துப்பாக்கியுடன் யானையை மிக அண்மித்து, நெற்றியில் சுடுவதே போதுமானது எனக் கருதினர். பேக்கர் இதனை ஏற்கவில்லை. கனமான குண்டும் அதனை உந்தும் பெருமளவு வெடிமருந்தும் வரிப்பள்ளமிட்ட குழலும் வேண்டும் என்பது அவர் கட்சி. பிரிஸ்டல் நகரின் ஜோர்ஜ் கிப்ஸ் என்பவர் 1840இல் அவருக்காகச் செய்து கொடுத்த துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. அதன் குண்டு மூன்று அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 85 கிராம். ஒவ்வொரு வேட்டுக்கும் ஓர் அவுன்ஸ் வெடிமருந்து இடப்பட்டது.

வாய்ப்புறமாக மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளின் காலம் அது. சுட்ட பின் மீண்டும் நிரப்ப அவகாசம் கிடையாது. ஆகவே நிரப்பிய துப்பாக்கிகளைச் சுமந்தபடி உள்ளூர்த் துணையாட்கள் பின்னால் நிற்க வேண்டும். அவர்கள் நிலைகுலைந்து ஓடினால் துரையின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வேட்டையின் புகழ் துரைக்குச் சேர்ந்தது. துப்பாக்கி சுமந்தவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

பேக்கரின் வாழ்வில் துப்பாக்கிக்கு அப்பாலும் பக்கங்கள் உண்டு. 1855இல் மனைவியை இழந்த அவர், 1859இல் ஒத்தோமன் ஆட்சியின் கீழிருந்த விடின் நகர அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணுடன் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புறப்பட்டார். 1864 மார்ச் 14ஆம் திகதி அவர்கள் கண்ட ஏரிக்கு அல்பேர்ட் எனப் பெயரிட்டார். 1866இல் சேர் பட்டம் கிடைத்தது. 1869இல் எகிப்தின் கெதிவ் இஸ்மாயில், அடிமை வியாபாரத்தை ஒடுக்கும் பணியுடன் மேல் நைல் பிரதேசத்தின் ஆளுநராக அவரை நியமித்தார். பாஷா பட்டமும் வழங்கப்பட்டது. அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் அதே பயணத்தில், 1872இல், புன்யோரோ நாட்டை எகிப்துடன் இணைத்ததாகப் பிரகடனம் செய்து, அம்மக்களுடன் போரிட்டுப் பின்வாங்கினார் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

ஆபிரிக்கா அவரது வேட்டை அறிவையும் திருத்தியது. இலங்கை யானையை வீழ்த்திய நெற்றிச் சூடு, மண்டையோட்டின் அமைப்பு வேறுபட்ட ஆபிரிக்க யானையிடம் பலிக்கவில்லை. அங்கு அவர் கையாண்ட துப்பாக்கிகளுள் ஒன்று அரை இறாத்தல் வெடிகுண்டைச் செலுத்தியது. அதன் பின்னுதைப்பு, திடகாத்திரமான அவரையே சுழற்றிவிட்டது.

1893 டிசம்பர் 30ஆம் திகதி பேக்கர் இங்கிலாந்தில் காலமானார். ஆனால் வாதம் ஓயவில்லை. புகையற்ற வெடிமருந்து வந்ததும் சிறிய குண்டுக்கும் பெரும் வேகம் கிடைத்தது. டபிள்யூ.டி.எம். பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்க யானைகளைக் கொன்றார். அவற்றுள் பெரும்பாலானவை ஏழு மில்லிமீற்றர்த் துப்பாக்கிக்குப் பலியானவை. அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம். பேக்கரின் குண்டில் எட்டில் ஒரு பங்கு. குறி தவறாதவனுக்குச் சிறு குண்டே போதும் என ஒரு சாராரும், எல்லோரும் பெல் ஆக முடியாது என மறு சாராரும் இன்றும் வாதிடுகின்றனர். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் பெரு விலங்கு வேட்டைக்கு 0.375 அங்குலமே ஆகக் குறைந்த விட்டம் எனச் சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. காயப்பட்ட விலங்கு துடித்துத் திரியக்கூடாது, அது மனிதரையும் தாக்கக்கூடாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

இந்த வாதத்தில் யானையைக் கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. பேக்கருக்கு முன் மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகள் வரை கொன்றார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அரசாங்கமே யானைத் தலைக்கு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி செலுத்தப்பட்டதாக எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். அவரே மூதூர், ஏறாவூர் முஸ்லிம் பணிக்கர்களையும் வியந்து எழுதினார். துப்பாக்கியின்றி, தோற்கயிற்றுச் சுருக்கை யானையின் பின்னங்காலில் மாட்டி உயிருடன் பிடித்த வீரர்கள் அவர்கள். யானையின் குணமறிந்து அணுகும் அறிவு இம்மண்ணிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. துரைமாரின் துப்பாக்கிகள் அரும்பொருட்களாகிவிட்டன. ஆயினும் யானைகளின் சாவு நிற்கவில்லை. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. 150க்கும் மேற்பட்ட மனித உயிர்களும் யானைகளால் பறிபோயின. இன்றைய ஆயுதங்கள் கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்த ஹக்கபட்டாஸ் வெடியும், சட்டவிரோத மின்கம்பியும் ஆகும். வாய் சிதைந்த யானை உண்ண முடியாமல் நாட்கணக்கில் துடித்தே சாகிறது. மலையகத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி சிறுத்தைக்கு எமனாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அவ்வாறு சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் உயிர் பிழைக்கவில்லை.

விளைச்சலை இழக்கும் ஏழை விவசாயியைப் பொழுதுபோக்குக்குச் சுட்ட துரையோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அவனுக்கு வேண்டியது ஒழுங்காகப் பராமரிக்கப்படும் மின்வேலியும், தாமதமற்ற நட்டஈடும், யானைகளின் வழித்தடங்களை மறித்து நிலம் வழங்காத நிர்வாகமும் ஆகும். அவற்றை வழங்காமல் அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் யானை பிழைக்கப்போவதில்லை. அதேவேளை, விலங்கைத் துடிக்க விடலாகாது என்ற குறைந்தபட்ச நெறியை, கொல்வதையே பெருமையாகக் கொண்ட வேட்டைக்காரரும் ஏற்றிருந்தனர். கட்டுத்துவக்கையும் ஹக்கபட்டாஸையும் சகித்துக்கொள்ளும் சமூகம், அந்த நெறியைக்கூடக் காக்கத் தவறிவிட்டது என்பதே வேதனைக்குரியது.