ஹெலனின் ஆசிரியை அன் சலிவன்

விஜயதசமி அன்று ஏடு தொடக்குவதற்காக எமது பிள்ளைகளை ஆலயத்துக்குக் கொண்டு வருகின்றோம். பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றார். கண்ணும் தெரியாத, காதும் கேளாத பிள்ளையாக இருந்தால் அந்த விரலுக்கு எழுத்தை எப்படிக் கொடுப்பது? அமரரான தம் பெற்றோரின் நினைவாக, பார்வையோ செவிப்புலனோ குறைந்த மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்க வேண்டுமென்று எம்மில் சில குடும்பங்கள் பேசி வருகின்றன. இவ்வேளையில் அந்தக் கேள்விக்கு விடை கண்ட ஓர் ஆசிரியையின் வாழ்க்கையை இங்கே தருகின்றோம். ஹெலன் கெல்லரை எல்லோரும் அறிவோம். அவரை ஆளாக்கிய அன் சலிவனை அறிந்தவர் குறைவு.

அன் 1866 ஏப்ரல் 14இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் எம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். சிறு வயதிலேயே ட்ரக்கோமா என்னும் கண்நோய் பார்வையைப் பறித்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். தகப்பன் கைவிட்டார். 1876இல் அன்னையும் தம்பி ஜிம்மியையும் டூக்ஸ்பரியில் இருந்த ஏழைகள் விடுதிக்கு அனுப்பினார்கள். விடுதி என்று பெயர்தான். நோயாளரும், மனநிலை பாதிக்கப்பட்டவரும், முதியவரும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்த இடம் அது. சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்து போனான்.

ஒருநாள் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் முகம் தெரியாவிட்டாலும் குரல் வந்த பக்கம் ஓடி, தன்னைப் பள்ளிக்கு அனுப்புமாறு அச்சிறுமி அழுது கேட்டாள். அப்படித்தான் 1880இல் பொஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்போது வயது 14; தன் பெயரை எழுதவும் தெரியாது. ஆறு ஆண்டுகளில் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். சத்திரசிகிச்சைகளால் பார்வையும் ஓரளவு திரும்பியது. அப்பள்ளியில் வாழ்ந்த லோரா பிரிட்ஜ்மன் என்ற கண்ணும் காதும் இழந்த மூதாட்டியுடன் பேசுவதற்காக விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் கைகொடுத்தது அதுவே.

1887 மார்ச் 3இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியாவுக்கு ஆசிரியையாகச் சென்றார். பேசிய சம்பளம் மாதம் 25 டொலர். மாணவி ஹெலனுக்கு வயது ஆறு. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருக்கையில் வந்த நோயால் பார்வையும் செவியும் போயிருந்தன. வீட்டார் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்ததால் பிள்ளை எவருக்கும் அடங்கவில்லை. (எமது வீடுகளிலும் இது நடப்பதுண்டு.) அன் அவளைத் தோட்டத்துச் சிறுவீட்டில் தனியாக வைத்திருந்து பழக்கினார். ஒவ்வொரு பொருளின் பெயரையும் அவள் உள்ளங்கையில் எழுத்துக்கூட்டினார். ஏப்ரல் 5 அன்று, ஒரு கையில் பம்பி நீர் கொட்ட, மறு கையில் நீர் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கள் விழ, பொருளுக்குப் பெயர் உண்டென்பது ஹெலனுக்குப் புரிந்தது. அன்றைக்கே முப்பது சொற்கள் கற்றாள்.

கதையாகச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். அதன் பின்னர் வந்த செலவை எவரும் பேசுவதில்லை. ஹெலனின் தந்தைக்குப் பணமுடை. 1896இல் அவரும் காலமானார். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தமது நண்பரான எண்ணெய்ச் செல்வந்தர் ஹென்றி ரோஜர்ஸின் மனைவிக்குக் கடிதம் எழுதினார். ரோஜர்ஸின் உதவியால் ஹெலன் 1900இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். அன் பக்கத்தில் அமர்ந்து விரிவுரைகளைக் கையில் எழுத்துக்கூட்டினார். பிரெய்லில் இல்லாத நூல்களைத் தாமே வாசித்துச் சொன்னார். ஏற்கெனவே பழுதான கண்கள் இன்னும் கெட்டன. 1904இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். அன்னுக்குப் பட்டம் இல்லை. எமது திட்டத்தில் மாணவருக்கு ஒரு பங்கு, ஆசிரியருக்கு ஒரு பங்கு என்று எழுதியபோது, இரண்டாவது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இந்த நான்கு ஆண்டுகளை அவர்களுக்குச் சொன்னோம்.

கோடீஸ்வரர் கார்னகி தர முன்வந்த ஓய்வூதியத்தை ஹெலன் முதலில் மறுத்தார். சொந்த உழைப்பில் வாழ வேண்டுமென்ற வைராக்கியம். 1913இல் சொற்பொழிவுப் பயணத்தில் அன் கடும் நோயுற்று விழுந்தார். அந்நிய ஊர் விடுதியில் தொலைபேசியில் உதவி கேட்கவும் ஹெலனால் முடியவில்லை. வீடு திரும்பியதும் கார்னகிக்கு எழுதி உதவியை ஏற்றுக்கொண்டார்.

1932இல் டெம்பிள் பல்கலைக்கழகம் அன்னுக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. முந்திய ஆண்டு கொடுக்க வந்தபோது அவர் வேண்டாமென்றிருந்தார். கடைசிக் காலத்தில் அவரது பார்வை முற்றாக அற்றுப்போயிற்று. 1936 அக்டோபர் 20இல் நியூயோர்க்கில் காலமானார். அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1968இல் ஹெலனின் அஸ்தியும் அங்கே அவர் அருகில் சேர்ந்தது.