இல்லாத காலின் வலியை நம்பிய வைத்தியர்

வெட்டி அகற்றப்பட்ட காலின் பெருவிரல் நடுச்சாமத்தில் குத்தி வலிப்பதை வெளியே சொல்லத் தயங்குகிற பலர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். சொன்னால் மூளை பிசகிவிட்டது என்று நினைப்பார்களோ என்ற பயம். நானும் அவர்களில் ஒருவன். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விழுந்த ஷெல் ஒன்றுக்குப் பிறகு என் இடது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாதம் என்னை விட்டுப் போகவில்லை. சில நாட்களில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுகுவது போல இருக்கும். தடவிக் கொடுக்கக் கையை நீட்டினால் பாய்தான் தட்டுப்படும்.

இது மனப்பிரமையும் அல்ல, செய்வினையும் அல்ல, நரம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட ஒரு நோய்நிலை என்பதை நான் வாசித்து அறிந்துகொள்ளப் பல வருடங்கள் எடுத்தன. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் அதன் தொடக்கத்தில் ஒரே பெயர் வந்து நின்றது: சைலஸ் வேயர் மிச்செல். நரம்பியல் படிக்கும் வைத்தியர்கள் எல்லோரும் அறிந்த பெயர் அது. எங்களைப் போன்ற காயக்காரர்கள்தான் அதைக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பாம்பு விஷத்திலிருந்து போர்க்காயத்துக்கு

மிச்செல் 1829 பெப்ரவரி 15ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தகப்பனும் வைத்தியர், அந்நகரின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். மகன் 1850இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்று, பாரிசுக்குப் போய் உடற்றொழிலியல் மேதை குளோட் பேர்னாட்டின் விரிவுரைகளைக் கேட்டார். ஒரு விடயத்தை ஊகித்துச் சொல்வதைவிடப் பரிசோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்குதான் ஊறியது.

ஊர் திரும்பியதும் தகப்பனோடு சேர்ந்து நோயாளரைப் பார்த்தார். எஞ்சிய நேரத்தில், வாலை ஆட்டிச் சத்தமெழுப்பும் அமெரிக்க விரியன் பாம்புகளின் விஷத்தை ஆராய்ந்தார். 1860இல் அதுபற்றிய நூல் வெளிவந்தது. பிற்காலத்தில், 1886இல், பாம்பு விஷம் தனியொரு பொருள் அல்ல, நச்சுத்தன்மையுள்ள பல புரதங்களின் கலவை என்பதை இன்னொருவருடன் சேர்ந்து எடுத்துக்காட்டியவரும் அவரே. ஆனாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை போட்டியிட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த வருடம் அவருடைய மனைவி தொண்டைக்கரப்பான் நோயால் இறந்துபோனார். இரண்டு சிறு ஆண்பிள்ளைகள் தாயில்லாமல் நின்றார்கள். அந்தத் துயரோடுதான் மிச்செல் இராணுவ வைத்தியசாலை வேலையில் முழுமையாக இறங்கினார்.

அந்தப் போரில் பாவிக்கப்பட்ட புதுவகைத் துப்பாக்கியின் ஈயக்குண்டு எலும்பில் பட்டதும் சப்பளிந்து, எலும்பைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். கிருமி பற்றிய அறிவு இல்லாத காலம். காயம் அழுகி ஆள் சாவதைவிடக் கையை, காலை வெட்டுவதே மேல் என்று வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள். வடபகுதிப் படையில் மட்டும் ஏறத்தாழ 30,000 அவயவங்கள் வெட்டப்பட்டன. இன்னும் பலருக்குக் கை கால் இருந்தது, ஆனால் அதற்குப் போகும் நரம்பு அறுந்திருந்தது. அவர்களை எப்படிப் பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

படையின் தலைமை வைத்தியர் வில்லியம் ஹமண்ட் மிச்செலின் நண்பர். நரம்புக் காயக்காரருக்கென்றே ஒரு தனி வைத்தியசாலையை அவர் பிலடெல்பியாவில் ஏற்படுத்தினார். ரேணர்ஸ் லேன் என்ற இடத்தில் 400 கட்டில்களோடு இயங்கிய அந்த வைத்தியசாலையில் மிச்செலும், ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற இரு வைத்தியர்களும் வேலை செய்தார்கள். 1863 யூலையில் நடந்த கெற்றிஸ்பேர்க் சண்டையின் காயக்காரரும் அங்கே வந்து சேர்ந்தனர்.

எரிகிற கை

மற்ற வைத்தியசாலைகள் கைவிட்டவர்களே அங்கு கூடினார்கள். மூன்று வைத்தியர்களும் இரவு வெகுநேரம் வரை கட்டில் கட்டிலாக இருந்து, ஒவ்வொரு காயக்காரரும் சொல்வதைக் கேட்டு எழுதினார்கள். எங்கே சூடு பட்டது, எந்த விரல் மரத்தது, எப்போது வலி தொடங்கியது என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள் சேர்ந்தன.

அதில் ஒரு வலி மிச்செலை உலுக்கியது. குண்டு புயத்தில் பட்டிருக்கும், காயமும் ஆறியிருக்கும். ஆனால் உள்ளங்கை நெருப்பில் வைத்தது போல எரியும். தோல் மினுங்கிச் சிவந்திருக்கும். காற்றுப் பட்டாலும் தாங்காது. பக்கத்தில் ஒருவர் நடக்கும் அதிர்வும் கடதாசி சரசரக்கும் சத்தமும்கூட வலியைக் கூட்டும். அந்த வீரர்கள் கையில் எந்நேரமும் ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் போத்தலும் பஞ்சும் கொண்டு திரிந்தார்கள். சிலர் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் ஊற்றினார்கள். சண்டையில் துணிவோடு நின்றவர்கள் அறைக்கதவு திறந்தாலே நடுங்குகிறவர்களாக மாறியிருந்தார்கள்.

பார்ப்பவர்களுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. படையிலிருந்து தப்புவதற்காக நோய் இருப்பதாகப் பாசாங்கு செய்தவர்களும் அந்நாளில் இருந்ததால் அதிகாரிகளின் சந்தேகம் பெரிதாக இருந்தது. பாசாங்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த மூன்று வைத்தியர்களுமே 1864இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இராணுவத்தின் சம்பளத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது. ஆனாலும், நன்றாகச் சோதித்துப் பார்த்தபின், எரிவு என்று சொன்ன அந்த மனிதரை மிச்செல் நம்பினார். அந்த வலிக்கும் நரம்புக் காயத்துக்கும் உள்ள தொடர்பை அதே ஆண்டு வெளிவந்த நூலில் மூவருமாகப் பதிவு செய்தார்கள். பிறகு அதற்குக் கோசால்ஜியா என்ற பெயரை மிச்செல் வழங்கினார். எரிவலி என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இன்றைய வைத்தியர்கள் அதைச் சிக்கலான பிரதேச வலி நோயின் இரண்டாம் வகை என்று அழைக்கிறார்கள்.

குணமாக்க அவரிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. குளிர்ந்த நீர்க்கட்டு, மின்சாரத் தூண்டல், உருவிவிடுதல், எல்லாவற்றுக்கும் மேலாக மோர்பின் ஊசி. ஓராண்டில் மட்டும் அங்கு 40,000 வரையான தடவை மோர்பின் கொடுக்கப்பட்டது என்றால் அந்த விடுதிகளின் இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தொண்ணூறு பேரில் எண்பத்தாறு பேர்

அவயவம் இழந்தவர்கள் சொன்ன கதை இன்னும் விசித்திரமானது. இல்லாத கை அரித்தது. இல்லாத கால் மடங்கியது. சிலருக்கு இல்லாத கையின் விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் ஏறுவது போல வலித்தது. காலப்போக்கில் அந்தக் கை சுருங்கிச் சுருங்கி, எஞ்சிய துண்டோடு வந்து ஒட்டிக்கொண்டது போல உணர்ந்தவர்களும் இருந்தார்கள். என் பாதமும் இப்போது முழங்காலுக்குக் கிட்ட வந்துவிட்டது. 150 வருடங்களுக்கு முன்னரே ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார் என்பதை வாசித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் அம்புறுவாஸ் பாரே இப்படியொரு வலியைக் கவனித்திருந்தார். ஆனால் மிச்செலைப் போல எண்ணிப் பார்த்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. தான் விசாரித்த 90 பேரில் 86 பேருக்கு இல்லாத அவயவம் இருப்பது போன்ற உணர்வு இருந்ததாக அவர் கணக்குச் சொன்னார். அப்படியென்றால் உணர்பவர் அல்ல, உணராதவரே விதிவிலக்கு. தோளோடு கை அகற்றப்பட்ட ஒருவர் அந்தக் கையின் உணர்வையே மறந்திருந்தார். மிச்செல் அவருடைய தோள் நரம்புகளில் மின்சாரத்தைச் செலுத்தியதும் காணாமற்போன கை திரும்பி வந்துவிட்டதாக அவர் திடுக்கிட்டுக் கத்தினார். மின்சாரம் நின்றதும் அது மறைந்தது. வெட்டப்பட்ட நரம்பின் நுனி எழுப்பும் செய்தியை, இல்லாத இடத்திலிருந்து வருவதாக மூளை வாசிக்கிறது என்று மிச்செல் விளங்கிக்கொண்டார்.

இதை வைத்திய உலகத்திடம் நேரே சொல்ல அவருக்கும் தயக்கம் இருந்திருக்க வேண்டும். 1866இல் அற்லாண்டிக் மந்த்லி சஞ்சிகையில், எழுதியவர் பெயரின்றி ஒரு சிறுகதையாகவே அது முதலில் வந்தது. நான்கு அவயவங்களையும் போரில் இழந்த ஜோர்ஜ் டெட்லோ என்ற வைத்தியரின் கதை அது. வாசகர்கள் அதை உண்மை என்று நம்பி, இல்லாத அந்த மனிதருக்காகப் பணம் சேர்த்தார்கள். ஐந்து வருடங்களின் பின், 1871இல், தன் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதி இந்த உணர்வுக்கு மாய அவயவம் என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1872இல் நரம்புக் காயங்கள் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

நம்பாத இடம்

இங்கே நிறுத்தினால் அவரைத் தெய்வமாக்கிவிடுவேன். போருக்குப் பிறகு மிச்செல் பெரும் புகழ் பெற்றார். நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு என்று வந்த பெண்களுக்கு அவர் ஓய்வுச் சிகிச்சை என்ற ஒன்றைக் கொடுத்தார். வாரக்கணக்கில் படுக்கை, உறவினரைப் பார்க்கக்கூடாது, நிறையச் சாப்பாடு, வாசிப்பும் எழுத்தும் இல்லை. 1887இல் அவரிடம் வந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன். பேனாவைத் தொடாமல் வீட்டுவேலையோடு இருக்கும்படி சொல்லி அனுப்பப்பட்ட அவர் மனம் உடைந்துபோகும் நிலைக்கு வந்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய மஞ்சள் சுவர்க்கடதாசி பற்றிய கதை 1892இல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

எரிகிற கையோடு வந்த வீரர்களின் சொல்லைக் கேட்டு எழுதிய அதே மனிதர், பெண்கள் தங்கள் நோயைப் பற்றிச் சொன்னதைக் கேட்கவில்லை. கேட்ட இடத்தில் ஒரு புதிய அறிவுத்துறை பிறந்தது. கேளாத இடத்தில் அவருடைய சிகிச்சையே காயமாக மாறியது. அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிய பாடம் இதுதான். யுத்தத்தில் கணவனை, பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் பெண்கள் நெஞ்சு அடைக்கிறது, தலை விறைக்கிறது என்று கிளினிக்கில் சொல்லும்போது ஓய்வெடுங்கள், யோசிக்காதீர்கள் என்று அனுப்பிவிடுவது பழைய கதை இல்லை.

முப்பது வருடங்களின் பின்

மிச்செல் 1914 ஜனவரி 4ஆம் திகதி தன் ஊரிலேயே காலமானார். அதற்கு முன்னர் நடந்த ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். தாயில்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவரான ஜோன் மிச்செல் தானும் வைத்தியரானார். தகப்பன் பார்த்த பழைய போர்க்காயக்காரரைத் தேடி, அவர்களுடைய நரம்புக் காயங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று விசாரித்து 1895இல் ஒரு நூல் வெளியிட்டார். போர் முடிந்து 30 வருடங்கள். அப்போதும் பலருக்கு வலி ஓயவில்லை என்பது எழுத்தில் ஏறியது.

அந்த எழுத்தின் மேல்தான் இன்றைய ஆய்வுகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியைப் பாவித்துப் பார்த்தார். இருக்கும் காலின் விம்பத்தை, இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்க, மூளை இல்லாத கால் அசைவதாக எடுத்துக்கொள்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காலிழந்த படையினர் சிகிச்சை பெற்ற வோல்ரர் ரீட் வைத்தியசாலையில் இது முறையாகச் சோதிக்கப்பட்டு, 2007இல் முடிவு வெளியானது. நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆனால் அவர்களில் இருவர், போன கால் திரும்பத் தெரிந்ததும் துக்கம் தாளாமல் கலங்கினார்கள் என்றும் அந்த ஆய்வு குறிப்பிடுகிறது. அது எனக்கு நன்றாக விளங்குகிறது.

அது சிறிய ஆய்வு. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்கு இல்லை. அறுந்த நரம்பின் நுனியைப் பக்கத்துத் தசையின் நரம்போடு பொருத்தி, அதற்கு ஒரு வேலை கொடுக்கும் சத்திரசிகிச்சையும் நம்பிக்கை தருவதாக 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்துகளும் இருக்கின்றன. முழுச் சுகம் தருவதாக எதையும் சொல்ல முடியாது.

எங்களுக்குச் செயற்கைக்கால் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து தருபவர்களால் எத்தனையோ பேர் மீண்டும் நடந்தார்கள். ஆனால் போன கால் இன்னும் வலிக்கிறதா என்ற கேள்வியை இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. தாள் ஒன்றை எடுத்து, எத்தனை பேருக்கு, எங்கே, எப்படி வலிக்கிறது என்று எழுதத் தொடங்குவதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 1863இல் இருந்தது பேனாவும் பொறுமையும்தான்.

ஆகவே இதை வாசிக்கும் காயக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கிளினிக் போகும்போது இல்லாத கை, கால் வலிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எரிகிறதா, முறுகுகிறதா, எந்நேரம் கூடுகிறது என்று விபரமாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள், அவர் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். அந்த வலிக்கு வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அது உண்மையான வலி.