இதயத்தின் பாதையைச் சொன்ன ஃபிக்ஹு ஆசிரியர்: இப்னு நஃபீஸ் (ரஹ்)

ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால், வில்லியம் ஹார்வி என்பார்கள். அந்த விடை தவறல்ல. ரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருவதை 1628ல் நூலாக எழுதி நிறுவியவர் அவர்தான். ஆனால், இதயத்தின் வலப்பக்க ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வந்து சேர்கிறது என்பதை அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார் ஒரு முஸ்லிம் மருத்துவர். அவர் ஃபிக்ஹு ஆசிரியரும்கூட. அவர்தான் இப்னு நஃபீஸ் (ரஹ்).

டமாஸ்கஸில் கல்வி

அலாவுத்தீன் அலீ என்ற இயற்பெயர் கொண்ட இவர், கி.பி. 1210ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிரியாவில் பிறந்தார். டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ நிறுவிய நூரீ மருத்துவமனைதான் இவருடைய பல்கலைக்கழகம். அங்கே நோயாளியின் படுக்கையருகே பாடமும் நடக்கும், மூத்த மருத்துவர் முன்னிலையில் நூல் வாசிப்பும் நடக்கும். புகழ்பெற்ற மருத்துவர் அத்தஹ்வார் இவருடைய ஆசிரியர். மருத்துவத்தோடு அரபு இலக்கணம், ஹதீஸ், தர்க்கம், ஷாஃபிஈ ஃபிக்ஹு ஆகியவற்றையும் கற்றுத் தேர்ந்தார்.

பின்னர் கெய்ரோ சென்று குடியேறினார். அங்கே மருத்துவமனையில் பணியாற்றியபடியே மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு பாடம் நடத்தினார். மார்க்கக் கல்வி ஒரு பக்கம், உலகக் கல்வி ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை.

மதிப்போடு மறுத்தார்

அன்று உடற்கூறு படித்த எவருக்கும் கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதே முடிவு. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே ரத்தம் கசிந்து செல்கிறது என்றார் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே பாடம். மருத்துவ உலகின் பேராசான் இப்னு சீனாவின் அல்கானூன் நூலும் காலனின் உடற்கூறையே பின்பற்றியது.

அந்த அல்கானூனின் உடற்கூறு பகுதிக்கு 1242ல் இப்னு நஃபீஸ் விரிவுரை எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டியிருக்கும். அந்த நடுச்சுவர் தடிப்பானது, அதில் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று எழுதினார். அப்படியானால் ரத்தம் எப்படி இடப்பக்கம் போகிறது? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பிறகு இடது அறைக்கு வருகிறது என்று விளக்கினார். நுரையீரலில் அந்த இரண்டு ரத்தக் குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்கின்றன என்றும் சொன்னார். நுண்ணோக்கி வந்த பிறகு, 1661ல்தான் மால்பிகி அந்தத் தந்துகிகளைக் கண்ணால் பார்த்தார். இதயத்தின் தசைக்கு உணவு தருவது அதன் சுவரிலேயே ஓடும் குழாய்கள்தான் என்பதும் இப்னு நஃபீஸ் எழுதியதே.

ஷரீஅத்தும் தம் மனத்தின் இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அதே நூலில் அவர் குறிப்பிடுகிறார். அப்படியிருந்தும் இவ்வளவு நுணுக்கமாக எப்படி எழுதினார் என்பது குறித்து ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இப்னு சீனாவை அவர் இழித்துப் பேசவில்லை. அவருடைய நூல்களுக்கு விளக்கம் எழுதினார். பெரியவர்களை மதிப்பது வேறு, அவர்கள் சொன்ன அனைத்தையும் சோதிக்காமல் ஏற்பது வேறு என்பதை அறிந்திருந்தார்.

எழுத்தும் இறுதி நாட்களும்

ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தபோதே பாதியில் வெளியே வந்து, பேனாவும் தாளும் கேட்டு வாங்கி, நாடித்துடிப்பு பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டுத் திரும்பவும் குளிக்கச் சென்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 300 தொகுதிகளாகத் திட்டமிட்ட மருத்துவக் களஞ்சியமான அஷ்ஷாமிலில் 80 தொகுதிகளை முடித்தார்.

முதுமையில் நோயுற்றபோது மருந்தாக மதுவை அருந்தும்படி உடனிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள். மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பாமல் மறுத்துவிட்டார். ஹிஜ்ரி 687, அதாவது கி.பி. 1288ல் கெய்ரோவில் வஃபாத்தானார். தம் வீட்டையும் நூலகத்தையும் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரீ மருத்துவமனைக்கே விட்டுச்சென்றார்.

நமக்கான பாடம்

அவருடைய சுருக்க நூலான அல்மூஜஸ் பல நூற்றாண்டுகள் மாணவர்கள் கையில் இருந்தது. ஆனால் நுரையீரல் ரத்த ஓட்டத்தைச் சொன்ன அந்த விரிவுரையோ மறக்கப்பட்டது. அதை மீட்டவர் ஒரு மாணவர். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற எகிப்தியரான முஹ்யித்தீன் அத்தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, 1924ல் தம் ஆய்வேட்டில் இச்செய்தியை வெளிக்கொண்டு வந்தார்.

நம் முன்னோர் கண்டுபிடித்தார்கள் என்று பெருமை பேசுவது எளிது. அந்தப் பெருமை அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் தூங்கியது, எடுத்துப் படிக்க ஆள் இல்லாததால்தான். உயிரியல் படிக்க விரும்பும் மகனையோ மகளையோ கல்லூரிக்கு அனுப்பும்போது, மார்க்கத்திலிருந்து விலகிய ஒரு பாதைக்கு அனுப்புகிறோம் என்று நாம் எண்ண வேண்டியதில்லை. ஃபிக்ஹும் உடற்கூறும் ஒரே மனிதரின் கையில் இருந்த காலம் உண்டு. இன்ஷா அல்லாஹ், அது நம் வீடுகளிலும் மீண்டும் வரட்டும்.